விடுமுறை வீட்டை வாடகைக்கு விடுகிறீர்களா? சமூக ஊடகப் பதிவு எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு வீடு விடுபவர்கள், வீட்டின் ஒரு பகுதியை ஹோம்ஸ்டேயாக நடத்துபவர்கள், ஓரிரு குடில்களைப் பராமரிப்பவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகள் இவை. பெரிய ஓட்டல்களுக்கு விளம்பர நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது. படுக்கை விரிப்பு மாற்றுவது, சாவி கொடுப்பது, இரவு பதினொரு மணிக்கு வெந்நீர் வரவில்லை என்ற அழைப்பை எடுப்பது, பதிவு எழுதுவது எல்லாமே ஒரே ஆள் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

வாரம் தவறாமல் பதிவு போடுகிறேன். லைக் நிறைய வருகிறது, முன்பதிவு மட்டும் வருவதில்லை. ஏன்?

லைக் போடுகிறவர் படத்தைப் பாராட்டுகிறார். முன்பதிவு செய்கிறவரோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான்கு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி. எல்லோருக்கும் படுக்க இடம் இருக்குமா? பாட்டி மாடியேற வேண்டியிருக்குமா? கார் வாசல் வரை போகுமா? மழை பெய்தால் நாள் முழுவதும் குழந்தைகளை எங்கே வைத்துக்கொள்வது? உங்களுடைய கடைசிப் பதிவைத் திறந்து பாருங்கள். இவற்றில் ஒரு கேள்விக்காவது அதில் விடை இருக்கிறதா? சூரியன் மறையும் படமும் "இயற்கையின் மடியில் இனிய தருணங்கள்" என்ற வரியும் மட்டும் இருந்தால், பார்த்தவர் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுவார். அது உங்கள் வீட்டிலிருந்து தெரியும் சூரியன்தான் என்பதற்குக்கூட அந்தப் பதிவில் ஆதாரம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. "குடும்பத்தினர், நண்பர்கள், புதுமணத் தம்பதிகள், அலுவலகக் குழுவினர் என அனைவருக்கும் ஏற்ற இடம்" என்று எழுதுகிறோம். அனைவரையும் அழைத்தால் யாருமே தன்னை அழைத்ததாக நினைப்பதில்லை. ஒரு பதிவு ஒரு வகை விருந்தினருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பதிவு கைக்குழந்தையுடன் வரும் தாய்க்கு: தொட்டில் இருக்கிறதா, பால் சுட வைக்க இரவில் சமையலறைக்குப் போக முடியுமா, அருகில் மருத்துவர் எவ்வளவு தூரம். அடுத்த பதிவு விடுமுறையிலும் மடிக்கணினியை மூட முடியாதவருக்கு: மேசை, முதுகு வலிக்காத நாற்காலி, இணைய வேகம், மின்வெட்டு நேரத்தில் என்ன ஏற்பாடு. வீடு ஒன்றுதான், ஆனால் அதைத் தேடி வருபவர்களின் கவலைகள் வேறு வேறு.

அழகான, அமைதியான, சொகுசான என்றெல்லாம் எழுதாமல் வேறு எப்படி எழுதுவது?

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதிய வாக்கியத்தை எடுத்து, உங்களோடு போட்டியிடும் இன்னொரு வீட்டின் படத்துக்குக் கீழே வைத்துப் பாருங்கள். கச்சிதமாகப் பொருந்துகிறதா? அப்படியானால் அது உங்கள் வீட்டைப் பற்றிய வாக்கியமே அல்ல.

"அமைதியான சூழலில் அமைந்த அழகிய இல்லம்" என்பது எந்த வீட்டுக்கும் பொருந்தும். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பிரதான சாலையிலிருந்து வீட்டுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். வண்டிச் சத்தம் கேட்காது. காலையில் பறவைகள்தான் எழுப்பும். விடுமுறையில் தூங்க நினைப்பவர்களுக்கு அவை கொஞ்சம் சீக்கிரமாகவே எழுப்புகின்றன." இதில் அமைதி என்ற சொல்லே இல்லை. படித்தவருக்கு அமைதி கேட்டுவிட்டது.

"விசாலமான சமையலறை" என்பதற்குப் பதிலாக, "இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் சமைக்கலாம். நான்கு பர்னர் அடுப்பு, பெரிய ஃபிரிட்ஜ், எட்டுப் பேருக்குத் தட்டுகள். மைக்ரோவேவ் இல்லை." அந்தக் கடைசி இரண்டு சொற்களைப் பாருங்கள். இல்லாததை ஒருவர் வெளிப்படையாகச் சொன்னதும், இருப்பதாகச் சொன்னவற்றையும் வாசகர் நம்பத் தொடங்குகிறார்.

"மனதை மயக்கும் காட்சி" என்று எழுதுபவர்கள் இதை முயன்று பார்க்கலாம்: "கட்டிலில் படுத்தபடியே மலை தெரியும். மேகம் இறங்கிய நாட்களில் தோட்டத்து மரம்கூடத் தெரியாது. அதையும் ரசிப்பவர்கள் தாராளமாக வரலாம்."

எல்லாவற்றிலும் மோசமான வாக்கியம் "அனைத்து வசதிகளும் உண்டு" என்பதுதான். எந்த வசதி? உங்களுக்கு எல்லாமாகத் தெரிவது வருகிறவருக்குப் பாதியாகத் தெரியலாம். பெயர்ச்சொல்லும் எண்ணும் போட்டு எழுதினால் இந்தச் சிக்கலே வராது: எத்தனை கட்டில், எத்தனை குளியலறை, எத்தனை கார் நிறுத்தலாம். இவ்வளவும் சொன்ன பிறகு "எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இந்தத் திண்ணை" என்று ஒரு வரி எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் வரிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள்?

இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் ஒருவர் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது உங்கள் எழுத்தில் முதல் ஓரிரு வரிகள்தான் தெரியும். மீதியைப் படிக்க "மேலும்" என்பதை அவர் தொட வேண்டும். அந்த இடத்தை "வணக்கம் நண்பர்களே" என்பதற்கும் ஐந்து பனைமர எமோஜிக்கும் கொடுத்துவிட்டால் தொடுவதற்குக் காரணமே இல்லை.

கேள்வியில் தொடங்குவது நல்லது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. "நகர வாழ்க்கை சலித்துவிட்டதா?" என்று கேட்டால் படிப்பவர் மனதுக்குள் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவார். கேள்வி கேட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு சிலருக்கு மட்டுமே பொருந்தும்படி கேளுங்கள்: "தவழும் குழந்தையோடு வருகிறீர்களா? எங்கள் படிக்கட்டின் மேலும் கீழும் தடுப்புக் கதவு இருக்கிறது." தவழும் குழந்தை இல்லாதவர் தாண்டிப் போகட்டும். இருப்பவர் நிற்பார், தன்னைப் போன்ற இன்னொருவருக்கு அனுப்பவும் செய்வார்.

பிரச்சினையிலிருந்தும் தொடங்கலாம்: "ஒன்பது பேர் ஒரே வீட்டில் தங்க வேண்டும், ஆனால் காலையில் குளியலறை வாசலில் வரிசையில் நிற்கக் கூடாது." வீட்டுக்காரர் மறைப்பார் என்று எதிர்பார்க்கும் உண்மையிலிருந்தும் தொடங்கலாம்: "எங்கள் வீட்டில் டி.வி. கிடையாது." இது நான் பார்த்தவற்றுள் நன்றாக வேலை செய்யும் தொடக்கம். ஏன் இல்லை, அதற்குப் பதிலாக மாலையில் என்ன செய்வார்கள் என்று அறிய அடுத்த வரியைத் தேடுவார்கள்.

எதுவும் தோன்றவில்லை என்றால் முழுப் பதிவையும் எழுதிவிட்டு முதல் வரியை அடித்துவிடுங்கள். பெரும்பாலும் இரண்டாவது வரிதான் உண்மையான தொடக்கமாக இருக்கும்.

எங்கள் வீட்டில் சிறப்பாக எதுவும் இல்லையே. கடலும் இல்லை, மலையும் இல்லை. எதைப் பற்றி எழுதுவது?

உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து இதுவரை விசாரித்தவர்கள் கேட்ட கேள்விகளைப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒவ்வொன்றும் ஒரு பதிவு. "காலை எத்தனை மணிக்கு வரலாம்?", "நாயை அழைத்து வரலாமா?", "அறையைக் காலி செய்த பிறகு மாலை ரயில் வரை பெட்டிகளை வைத்துவிட்டுப் போகலாமா?" கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்பது உங்கள் பதில் என்றால், அதற்கே தனியாக ஒரு பதிவு போடலாம். பெட்டியை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பிறகு விருந்தினர்கள் நன்றி சொன்னவற்றைப் பாருங்கள். அவர்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் நீங்கள் பெருமைப்படும் விஷயமாக இருக்காது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே சார்ஜ் போடும் இடம், குளியலறையில் துணி மாட்டப் போதுமான கொக்கிகள், விடிந்த பிறகும் அறையை இருட்டாக வைத்திருக்கும் திரைச்சீலை, வாசலில் நான்கு குடை. தினமும் பார்ப்பதால் இவை உங்கள் கண்ணில் படாமல் போகின்றன. ஒரு நாள் உங்கள் வீட்டிலேயே விருந்தினராகத் தங்கிப் பாருங்கள். எழுதுவதற்கான விஷயத்தோடு, பழுது பார்க்க வேண்டியவற்றின் பட்டியலும் கிடைக்கும்.

குறைகளைப் பதிவில் சொல்லலாமா? வருகிறவர்கள் ஓடிவிட மாட்டார்களா?

சிலர் ஓடுவார்கள். ஓட வேண்டியவர்கள்தான். நாற்பது படி ஏற முடியாதவர் பணம் கட்டி, பயணம் செய்து, படிக்கட்டின் அடியில் நின்று உங்களைத் திட்டுவதைவிட, பதிவைப் படித்துவிட்டு வேறு வீடு தேடுவது இருவருக்கும் நல்லது. குறைந்த நட்சத்திரம் கொடுக்கும் விருந்தினர்களின் விமர்சனங்களைப் படித்தால் ஒன்று புரியும். படி இருந்தது என்பது அவர்களுடைய புகார் அல்ல. படி இருந்ததை யாரும் சொல்லவில்லை என்பதுதான் புகார்.

சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், மழுப்பலும் வேண்டாம். "வாசலிலிருந்து வீடு வரை நாற்பது படிகள். கைப்பிடி இருக்கிறது, இரவில் விளக்கு இருக்கிறது, பெட்டிகளை நாங்கள் தூக்கி வருகிறோம். சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ வர வழியில்லை." இவ்வளவுதான். யாருக்கு ஒத்துவரும், யாருக்கு ஒத்துவராது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

தூரத்தைச் சொல்வதில்தான் அதிகமான ஏமாற்று நடக்கிறது. "கடற்கரை ஐந்து நிமிடத்தில்" என்றால் நடந்தா, காரிலா? அதிகாலை வெறிச்சோடிய சாலையில் காரில் ஐந்து நிமிடம் என்பதை நடைதூரம் போல எழுதுபவர்கள் இருக்கிறார்கள். "நடந்தால் இருபது நிமிடம், திரும்பும்போது ஏற்றம்" என்று எழுதுங்கள்.

எல்லாக் குறைகளையும் எழுத்தால் சரிக்கட்ட முடியாது. ஒழுகும் கூரை, சுவரில் ஈரம், பூட்டாத கதவு ஆகியவற்றுக்கு நயமான வாக்கியம் தேடாதீர்கள். கொத்தனாரையும் தச்சரையும் தேடுங்கள். வாசலில் கண்காணிப்புக் கேமரா இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வீட்டுக்குள் இருந்தால் அகற்றிவிடுங்கள். வீடுகளை நாள் வாடகைக்குப் பதிவு செய்ய உதவும் ஏர்பிஎன்பி நிறுவனம் 2024 ஏப்ரல் இறுதியிலிருந்து உலகம் முழுவதும் தன் தளத்தில் உள்ள வீடுகளுக்குள் கேமரா வைப்பதை முற்றிலும் தடை செய்திருக்கிறது. வரவேற்பறை, நடைவழி என்ற விலக்கும் இல்லை.

பதிவு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

சொல்ல வேண்டியது முடியும் வரை. இன்ஸ்டாகிராம் ஒரு பதிவுக்கு 2,200 எழுத்துக்குறிகள் வரை அனுமதிக்கிறது; அதை நிரப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. எட்டு முதல் பன்னிரண்டு வரி ஒரு வீட்டின் ஒரு விஷயத்தைச் சொல்லப் போதும்.

தமிழில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் கண்ணுக்கு "வீடு" இரண்டு எழுத்து. கணினிக்கு நான்கு, ஏனென்றால் உயிர்மெய்க் குறிகளையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தின் 280 எழுத்துக்குறி வரம்பு இதனால் தமிழில் வேகமாகத் தீர்ந்துபோகும். அங்கே ஒரு தகவல், ஒரு படம், ஓர் இணைப்பு என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த மொழியில் எழுதுவது என்றும் கேட்கிறார்கள். வருகிறவர்கள் படிக்கும் மொழியில். இரண்டு மொழி தேவைப்பட்டால் ஒரே வாக்கியத்தில் கலக்காமல் இரண்டு தனிப் பத்திகளாக எழுதுங்கள்.

படம் எடுக்க ஆள் வைக்க வேண்டுமா?

முடிந்தால் ஒரு முறை வையுங்கள். 2009இல் ஏர்பிஎன்பி இன்னும் தள்ளாடிக்கொண்டிருந்த காலத்தில் அதன் நிறுவனர்கள் பிரையன் செஸ்கியும் ஜோ கெப்பியாவும் நியூயார்க்குக்குப் போய், வீட்டுக்காரர்கள் போட்டிருந்த மங்கலான படங்களுக்குப் பதிலாக நல்ல கேமராவில் தாங்களே எடுத்துப் போட்டார்கள். அந்த நகரத்தில் வருமானம் ஏறத் தொடங்கியது. வீடுகள் மாறவில்லை, படங்கள்தான் மாறின.

ஆள் வைக்க முடியாவிட்டால் கைபேசியே போதும். முதலில் லென்ஸைத் துடையுங்கள். பல படங்களின் மங்கலுக்கு விரல் ரேகைதான் காரணம். பகல் வெளிச்சத்தில் எடுங்கள், விளக்குகளை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் நீலமும் அடிக்கும். மார்பு உயரத்தில் கைபேசியை நேராகப் பிடித்தால் சுவர்கள் சாயாமல் நிற்கும். அகலக் கோண லென்ஸை, அதாவது 0.5 என்று திரையில் காட்டுவதை, மிகக் குறைவாகப் பயன்படுத்துங்கள். அது அறையை இழுத்து நீட்டிக் காட்டும். வருகிறவர் கதவைத் திறந்ததும் அறை சுருங்கிவிட்டதாக உணர்வார். அந்த ஏமாற்றத்தோடுதான் அவருடைய விடுமுறை தொடங்கும்.

இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவில் 20 படங்கள் வரை போடலாம். ஆறேழு போதும். வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலை முதல் படமாக வைக்காதீர்கள். உலகத்தில் எல்லா விடுதிக் கட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. குளியலறைப் படத்தை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஏதோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். நிமிர்ந்த படங்கள் திரையில் அதிக இடம் பிடிக்கும். ஆனால் கணக்கின் முகப்பில் ஓரங்கள் வெட்டப்படலாம் என்பதால், படத்தின் மேல் எழுத்துப் போட்டால் நடுவில் போடுங்கள்.

கம்பத்தையும் பக்கத்து வீட்டுச் சுவரையும் செயலியால் அழிக்கலாமா? கூடாது. வெளிச்சத்தைக் கூட்டுவது திருத்தம், நிலையாக நிற்கும் ஒன்றை நீக்குவது பொய்.

ரீல்ஸ் போட்டே ஆக வேண்டுமா? எனக்கு அதெல்லாம் வராது.

ஆட வேண்டாம், பேசவும் வேண்டாம். பிரதான சாலையில் திரும்பும் இடத்திலிருந்து உங்கள் வாசல் வரை, பிறகு வாசலிலிருந்து படுக்கையறை வரை, வெட்டாமல் ஒரே நடையாக எடுங்கள். வருகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள காணொளி இல்லை. வழி கேட்பவர்களுக்கு அனுப்பவும் அதுவே உதவும். பலர் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பதால் முக்கியமானவற்றைத் திரையில் எழுத்தாகப் போடுங்கள்.

இசையில் மட்டும் கவனம். திரைப்பாடலைப் பின்னணியில் ஓடவிட்டு வியாபாரத்துக்கு விளம்பரம் செய்ய உங்களுக்கு உரிமை இல்லை. வணிகக் கணக்குகளுக்குப் பாடல்கள் குறைவாகத் தெரிவதும் அதனால்தான். இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டா நிறுவனம் வணிகப் பயன்பாட்டுக்கென ஓர் இலவச ஒலித் தொகுப்பு வைத்திருக்கிறது. அல்லது மழைச் சத்தத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

கட்டணத்தைப் பதிவிலேயே போடலாமா?

போடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் செய்யவும்" என்ற வரி எனக்குப் புரிந்ததே இல்லை. கேட்கக் கூச்சப்படுபவர்கள் பேசாமல் போய்விடுவார்கள். கேட்பவர்களில் பலருக்கு அந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது. இரண்டுமே உங்கள் நேரத்துக்கு நஷ்டம். பருவத்துக்குப் பருவம் மாறும் என்றால், வார நாட்களில் எவ்வளவு, எந்தத் தேதி வரை என்று சேர்த்து எழுதுங்கள். சுத்தம் செய்யும் கட்டணம், கூடுதல் ஆளுக்கான கட்டணம், குறைந்தது எத்தனை இரவு என்பவையும் அதே இடத்தில் வர வேண்டும். கடைசியில் பில் போடும்போது முளைக்கும் தொகையை யாரும் மன்னிப்பதில்லை. பழைய பதிவில் பழைய கட்டணம் நிற்கும் என்பதால் தேதி போடுவது அவசியம்.

முன்பதிவு ரத்தாகி நாட்கள் காலியாகிவிட்டன. எப்படி அறிவிப்பது?

காரணத்தோடு, நிதானமாக. "வரும் வெள்ளி முதல் ஞாயிறு வரை இருந்த முன்பதிவு ரத்தாகிவிட்டது. ஆறு பேர் வரை தங்கலாம். இந்த மூன்று நாட்களுக்கு மட்டும் கட்டணம் குறைத்திருக்கிறோம்." "அதிரடிச் சலுகை, முந்துங்கள்" என்று கூவினால் வீட்டின் மதிப்பையே குறைத்துக்கொள்கிறீர்கள். மாதம் இருமுறை இப்படிச் செய்தால், தள்ளுபடி வரும்வரை காத்திருக்கலாம் என்று மக்கள் பழகிக்கொள்வார்கள்.

இதற்கு ஏற்றது 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரியும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும்தான். நாட்கள் நிரம்பிய பிறகும் அறிவிப்பு நின்று தொல்லை தராது. அதற்கும் முன்னால் பழைய விருந்தினர்களுக்குச் சொல்லுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். எனவே விடைபெறும்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள், செய்தி அனுப்பலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.

எந்த நேரத்தில், வாரத்துக்கு எத்தனை முறை போட வேண்டும்?

இரவு எட்டு மணியா, காலை ஏழு மணியா என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதைவிட முக்கியமானது உங்கள் விருந்தினர்கள் எத்தனை நாட்களுக்கு முன்னால் முடிவு செய்கிறார்கள் என்பது. உங்கள் பதிவேட்டில் முன்பதிவு செய்த தேதியையும் வந்து சேர்ந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருபவர்கள் மாதக்கணக்கில் முன்பே திட்டமிட்டிருப்பார்கள். வார இறுதிக்கு இருவராக வருபவர்கள் சில நாட்கள் முன்புதான் முடிவு செய்திருப்பார்கள். விடுமுறை தொடங்கிய அன்று விடுமுறைப் பதிவு போடுவது பஸ் போன பிறகு நிறுத்தத்துக்கு வருவது போல.

வாரம் இரண்டு நல்ல பதிவுகள் போதும். எழுத எதுவும் இல்லாத வாரத்தில் "இனிய காலை வணக்கம்" படம் போட வேண்டியதில்லை. புதிதாக வருபவர் முதலில் பார்ப்பது கணக்கின் முகப்பை என்பதால், அங்கே எப்போதும் மேலே நிற்கும்படி மூன்று பதிவுகளைப் "பின்" (pin) செய்ய இன்ஸ்டாகிராம் தரும் வசதியை வீணாக்காதீர்கள்: முழு வீடு, வந்து சேரும் வழி, முன்பதிவு செய்யும் முறை.

ஹேஷ்டேக் எத்தனை?

மூன்று, நான்கு. ஊர்ப் பெயர், தங்குமிட வகை, யாருக்கானது. வெறும் #பயணம் என்பது கூட்டத்தில் காணாமல் போய்விடும். ஹேஷ்டேக்குகளைப் பின்தொடரும் வசதியையே இன்ஸ்டாகிராம் 2024 டிசம்பரில் எடுத்துவிட்டது. மறுபுறம், 2025 ஜூலை முதல் அங்கே தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலிலும் தெரியக்கூடும். ஆகவே ஊர்ப் பெயரையும் "விடுமுறை வாடகை வீடு" போன்ற தேடும் சொற்களையும் வாக்கியத்துக்குள்ளேயே இயல்பாக எழுதுங்கள்.

விருந்தினர்கள் எழுதிய பாராட்டுகளையும் அவர்கள் எடுத்த படங்களையும் பயன்படுத்தலாமா?

கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். முழு விமர்சனத்தையும் படமாக்கிப் போடாமல் ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுங்கள். "எல்லாம் அருமை" என்பதைவிட "என் அப்பா மூன்று நாளும் அந்த ஊஞ்சலை விட்டு எழுந்திருக்கவில்லை" என்பது நூறு மடங்கு வலியது. சொற்களை மாற்றாதீர்கள், எழுத்துப் பிழையைக்கூட. நீங்களே எழுதி விருந்தினர் பெயரில் போடுவது நாணயக்கேடு. பல நாடுகளில் சட்டமீறலும்கூட. அமெரிக்காவில் போலி விமர்சனங்களை வாங்குவதையும் விற்பதையும் தடுக்கும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

குழந்தைகளின் முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றோரின் தெளிவான சம்மதம் வேண்டும். விருந்தினர் தங்கியிருக்கும்போது அவர்களுடைய படத்தைப் போடவே கூடாது. அவர்களுடைய சொந்த வீடு பூட்டியிருக்கிறது என்று நீங்கள் ஊருக்கு அறிவிப்பது போலாகும்.

பிரபலக் கணக்கு வைத்திருப்பவர் இலவசமாகத் தங்க இடம் கேட்கிறார். கொடுக்கலாமா?

எத்தனை ஃபாலோயர்கள் என்பதை விட்டுவிட்டு, அவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் புள்ளிவிவரம் அவருடைய கணக்கிலேயே இருக்கும், ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பச் சொல்லலாம். உங்கள் விருந்தினர்கள் வரும் ஊர்களில் ஆள் இல்லையென்றால் பணிவாக மறுத்துவிடுங்கள். சரி என்றால் காலியாகக் கிடக்கும் வார நாட்களைக் கொடுங்கள், உச்சப் பருவத்தை அல்ல. எத்தனை பதிவு, எப்போதைக்குள், படங்களை நீங்களும் பயன்படுத்தலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இலவசமாகத் தங்கினேன் என்பதை அவர் பதிவில் சொல்ல வேண்டும். குறையை எழுதக் கூடாது என்று நிபந்தனை போடாதீர்கள்.

கமென்ட்டில் ஒருவர் எல்லோருக்கும் தெரியும்படி குறை சொல்லிவிட்டார். அழித்துவிடவா?

வசை என்றால் அழியுங்கள். குறை என்றால் விட்டுவைத்து ஒரே ஒரு முறை பதில் சொல்லுங்கள்: "இரண்டாம் நாள் தண்ணீர் வராதது உண்மை. மோட்டார் பழுதாகியிருந்தது, மாலைக்குள் சரிசெய்தோம். அன்றைய வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர உங்களைத் தொலைபேசியில் அழைக்கிறோம்." அந்தப் பதிலை அவரைவிட அடுத்து வரப்போகிறவர்கள்தான் கூர்ந்து படிப்பார்கள். நள்ளிரவில் பதில் எழுதாதீர்கள். உங்கள் உறவினர்களை ஏவி ஆதரவுக் கமென்ட் போடவும் சொல்லாதீர்கள், எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"எவ்வளவு?", "எங்கே?" என்ற சாதாரணக் கேள்விகளுக்கும் இன்பாக்ஸில் பதில் சொல்லாமல் அங்கேயே சொல்லுங்கள். ஒருவர் கேட்பதைப் பத்துப் பேர் கேட்காமல் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

எதைப் போடக் கூடாது?

சாவி வைக்கும் இடம், எண் பூட்டின் விசைகள், சுவரில் ஒட்டியிருக்கும் வைஃபை கடவுச்சொல், விருந்தினர் காரின் எண் பலகை. படத்தை வெளியிடும் முன் பெரிதாக்கிப் பாருங்கள், இவை ஓரத்தில் ஒளிந்திருக்கும். "இந்த மாதம் முழுவதும் வீட்டில் யாரும் இல்லை" என்பது போன்ற தகவலும் வேண்டாம். எந்தத் தேதிக்கு முன்பதிவு செய்யலாம் என்று சொல்வது போதும். பல நகரங்களில் பதிவு எண் அல்லது உரிம எண் இல்லாமல் குறுகிய கால வாடகைக்கு விளம்பரம் செய்வது குற்றம், சமூக ஊடகப் பதிவுக்கும் அது பொருந்தலாம். உங்கள் உள்ளாட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் படங்களைத் திருடி ஒரு போலிக் கணக்கு முன்பணம் வாங்குகிறது. என்ன செய்வது?

விடுமுறை வாடகையில் பழைய மோசடி இது. அந்தக் கணக்கைத் தளத்தில் ஆள்மாறாட்டம் என்று புகார் செய்யுங்கள், நண்பர்களையும் செய்யச் சொல்லுங்கள், ஏமாந்தவர் யாராவது இருந்தால் காவல் துறையில் புகார் கொடுக்க உதவுங்கள். எங்கள் ஒரே கணக்கு இது, பணம் பெறும் ஒரே வழி இது என்று ஒரு பதிவு எழுதி முகப்பில் பின் செய்யுங்கள். படத்தில் பெயர் பொறிப்பது கொஞ்சம் உதவும், அதை வெட்டி எடுக்கத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு. "உங்கள் கணக்கு பதிப்புரிமையை மீறிவிட்டது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும்" என்று இன்பாக்ஸில் வரும் செய்தியும் பெரும்பாலும் மோசடிக்காரர்களின் கைவரிசைதான். அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே போட்டுவையுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதச் சொல்லலாமா?

பிழை திருத்தவும், நீளமானதைச் சுருக்கவும் கொடுக்கலாம். "என் வீட்டுக்கு ஒரு பதிவு எழுது" என்று சொன்னால், மேலே அடித்துப்போட்ட அடைமொழிகள் அனைத்தும் அணிவகுத்துத் திரும்பி வரும். சில நேரம் உங்களுக்கே தெரியாத நீச்சல்குளமும் வந்து சேரும். விவரங்களை நீங்கள் கொடுங்கள், கடைசியில் வரிக்கு வரி சரிபாருங்கள்.

பணம் கட்டி விளம்பரப்படுத்துவது?

ஏற்கெனவே விசாரணை கொண்டுவந்த பதிவுக்கு மட்டும், உங்கள் விருந்தினர்கள் வரும் ஊர்களுக்கு மட்டும். யாரும் கண்டுகொள்ளாத பதிவுக்குப் பணம் கட்டினால் இன்னும் நிறையப் பேர் கண்டுகொள்ளாமல் போவார்கள்.

எந்தப் பதிவு வேலை செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விசாரிக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்தீர்கள், எந்தப் பதிவு?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். இதைவிட நம்பகமான கருவி இல்லை. இணையதளம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி இணைப்புக் கொடுத்தால் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியும். இன்ஸ்டாகிராம் பதிவுக்குள் எழுதும் இணைப்பைத் தொட்டால் திறக்காது. சுயவிவரப் பகுதியில் ஐந்து இணைப்புகள் வரை சேர்க்கலாம், அங்கே போடுங்கள்.

தளம் காட்டும் எண்களில் லைக்கைக் கடைசியாகப் பாருங்கள். எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்பவைதான் பயணத்துக்கு நெருக்கமானவை. ஏனென்றால் எங்கே தங்குவது என்பது பெரும்பாலும் ஒருவர் எடுக்கும் முடிவு அல்ல, குடும்பக் குழுவிலோ நண்பர்கள் குழுவிலோ பதிவைப் போட்டு "இது எப்படி?" என்று கேட்ட பிறகு நடப்பது. அதிகம் பகிரப்பட்ட பதிவு எது என்று தெரிந்ததும், ஆறு மாதம் கழித்து அதே விஷயத்தைப் புதிய படத்தோடு மறுபடி எழுதுங்கள். முன்பு பார்த்தவர்களுக்கு நினைவிருக்காது, புதிதாக வந்தவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.